என் முதுகெலும்பும் உன் மூன்றாம் ஓலையும்

தம்பி,

இயேசு மரி சூசை உனக்குத் துணையிருக்கட்டும். எனக்கு என் முதுகெலும்பு துணையிருக்கிறது. அதில் ஒன்று நசுங்கிப் போயிருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் ஒன்றுக்காக மற்றதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் என்று எழுதவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். உன் பெரியத்தை படிக்கட்டும், சித்தப்பா படிக்கட்டும், மஸ்கட்டில் உன் அறையில் தங்கியிருக்கிற பையன் கேட்டால் அவனுக்கும் வாசித்துக் காட்டு. என்னை மட்டும் விட்டுவிட்டு நீங்கள் எல்லோரும் தனியாக ஒரு குழு வைத்து, ஒரு மாதமாக என் சாவைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். எந்தச் சேலையில் என்னை வைப்பது என்றுகூடப் பேச்சு வந்ததாம், உன் அப்பாவே சொன்னார். சாகப் போகிறவளிடம் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? எனக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. மைதானத்தில் கத்தியே பழகியவள்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசையில் உன் கல்யாண அறிவிப்பை, மூன்றாம் ஓலையை, வாசிக்க வேண்டும். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் வாசித்துவிட்டார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று கடைசியில் ஒரு வரி வரும் பார், அதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். யாரோ ஒருத்தர் எழுந்து போய் ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பேன். யாரும் போனதில்லை. நேற்று நான் போனேன். உன் கல்யாணத்துக்குத் தடை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். குதிக்காதே, முழுதாகப் படி.

முதலில் என் முதுகு. தைமாதக் கடைசியில் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்த்தேன். கேன் போடுகிறவன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான், உன் அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். வாழ்நாள் முழுக்கப் பெண்பிள்ளைகளுக்குக் கபடியும் கோகோவும் சொல்லிக்கொடுத்த பி.டி. டீச்சர், ஒரு கேன் தண்ணீருக்கு ஆள் தேடுவதா என்று நானே தூக்கினேன். நடுமுதுகில் சுருக்கென்றது. அப்படியே அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் வைத்தேன், வாயு என்று பூண்டு வறுத்துத் தின்றேன். இருமினால் உயிர் போனது, படுத்தால் புரள முடியவில்லை. இதை உன்னிடம் போனில் சொல்லாதது என் தப்புதான். மஸ்கட்டில் இருந்துகொண்டு நீ என்ன என் முதுகையா தேய்க்கப் போகிறாய் என்று நினைத்தேன். ஒரு வழியாக உன் அப்பா இழுத்துக்கொண்டு போனார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒண்ணு நசுங்கியிருக்கும்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க" என்றார். நான் வெளியில் உட்கார்ந்தேன். என் எலும்பைப் பற்றி அவர் உன் அப்பாவிடம் பேசினார். இந்த நாட்டில் பொம்பளையின் உடம்பு அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருக்கிறது.

டாக்டர் உள்ளே சொன்னது இரண்டு வாக்கியம், பிறகு நானே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வாக்கியம்: "இவங்களுக்கு முன்னாடி மார்புல கேன்சர் வந்திருக்கு, அதுவே எலும்புக்கு வந்திருக்கலாம்." இரண்டாவது: "வராமலும் இருக்கலாம், வயசான எலும்பும் இப்படி நசுங்கும், எம்.ஆர்.ஐ. எடுத்தா எதுன்னு பிரிச்சுச் சொல்லிடலாம்." உன் அப்பாவுக்கு முதல் வாக்கியத்தோடு காது அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து என்னிடம், "வயசுதான் காரணமாம், ரெஸ்ட் எடுத்தா சரியாயிடுமாம்" என்றார். அக்காவுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறார். உன் பெரியத்தைக்குப் போனில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. "மறுபடி வந்துட்டுப்பா, எலும்புக்கு வந்தா அவ்வளவுதான். மிஷின்ல போட்டு அந்த மனுஷிய ஏன் கொடுமப்படுத்தணும்? தெரிஞ்சா மனசு ஒடஞ்சே போயிடுவா" என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். நீயும் சரி என்றாய். தம்பி, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்கள் பயந்தவர்கள். நீ இன்ஜினியர். ஏசி மிஷின் ஓடவில்லை என்றால் கழற்றிப் பார்க்காமலா கேஸ் தீர்ந்துபோச்சு என்று எழுதிக் கொடுப்பாய்?

அதற்கு அடுத்த வாரம் நீ போன் பண்ணி, "அம்மா, நான் கல்யாணம் பண்ணிக்கறேன். நீ பாத்த பொண்ணு யாரா இருந்தாலும் சரி" என்றாயே, அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? வலியோடு எழுந்து போய் மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றினேன். எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன். எத்தனை போட்டோ அனுப்பியிருப்பேன். "இப்ப வேணாம்மா, எனக்கே என்ன வேணும்னு தெரியல" என்று ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டாய். திடீரென்று பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது, என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று பூரித்துப் போனேன். விழிதியூரில் பெண் பார்த்தோம், ஜெனிட்டா, கணக்கு டீச்சர், நல்ல பெண். நீ வீடியோ காலில் பார்த்துத் தலையாட்டினாய். நாள் குறித்தோம். முதல் ஓலையும் வாசித்தாயிற்று. ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூட உறைக்கவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்பது இதுதான்.

என் கண்ணைத் திறந்தது உன் பெரியத்தைதான். முதல் ஓலை வாசித்த அந்த வாரமே ஒருநாள் சாயங்காலம் பங்குச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "கல்யாண வீடு, சாமியார வச்சு வீட்ட மந்திரிச்சுடலாம்னு கூட்டியாந்தேன்" என்றார். நல்லதுதானே என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். சாமியார் புதுசு, சின்ன வயது. வீடு மந்திரிக்க வருகிறவர்கள் தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு கூடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். இவர் நேராக என் கட்டிலுக்கு வந்தார். கையில் தீர்த்தச் செம்பு இல்லை, சின்ன எண்ணெய்ச் சிமிழ். ஜெபம் சொல்லி, நெற்றியில் எண்ணெய் பூசினார். அடுத்து உள்ளங்கையை நீட்டச் சொன்னார். உன் பெரியத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறார். உன் அப்பா முழங்காலில் இருக்கிறார். வீட்டை மந்திரிக்கிற சடங்கில் உன் அப்பா முழங்காலிட்டு நான் பார்த்ததே இல்லை.

"சாமி, இது வீட்டுக்குப் பூசுற எண்ணெயா, அவஸ்தைக்குப் பூசுற எண்ணெயா?" என்று கேட்டேன்.

பாவம், அந்தப் பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. "இப்பல்லாம் அவஸ்தைன்னு சொல்றதில்லீங்க டீச்சர், நோயில் பூசுதல்னு சொல்லுவோம். சாகறவங்களுக்கு மட்டும் இல்ல, நோயாளி எல்லாருக்குமே..." என்று இழுத்தார்.

"எனக்கு என்ன நோய் சாமி?"

அவர் உன் பெரியத்தையைப் பார்த்தார். பெரியத்தை உன் அப்பாவைப் பார்த்தார். உன் அப்பா தரையைப் பார்த்தார். அங்கே நின்ற எல்லோருக்கும் என் வியாதி தெரிந்திருந்தது. பூசின எண்ணெயைத் துடைக்கவும் மனம் வரவில்லை, அது திருவருட்சாதனமாயிற்றே. நெற்றியில் எண்ணெயோடு உட்கார்ந்துகொண்டு, "நாத்தனாரே, உள்ள வாங்க. இப்ப ஒருத்தரும் வீட்ட விட்டுப் போகக் கூடாது. யாரு என்ன சொன்னாங்கன்னு வரிசையா சொல்லுங்க" என்றேன். விசில் மட்டும்தான் ஊதவில்லை. உன் அப்பா அங்கேயே உடைந்து அழுதார். எக்ஸ்ரே, டாக்டர், தனிக் குழு, நீ கல்யாணத்துக்குச் சம்மதித்தது, எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. "அம்மா கண்ணு மூடறதுக்குள்ள நடத்திடலாம்னு அவன்தான் சொன்னான்" என்றார். அதைக் கேட்டபோது முதுகு வலியே மறந்துவிட்டது, அவ்வளவு கோபம் வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ ப்ளஸ் டூ படித்தபோது எனக்கு முதல் தடவை வந்தது. அப்போதும் எல்லோரும், பிள்ளைக்குப் பரீட்சை, சொல்லாதே என்றார்கள். நான் கேட்கவில்லை. தலைமுடியெல்லாம் கொட்டி, துணியைக் கட்டிக்கொண்டு நான் ஸ்போர்ட்ஸ் டே நடத்தினேன். நீ லீவு போட்டுவிட்டு வந்து நீளந்தாண்டுதலுக்கு அளவு டேப் பிடித்தாய். பிள்ளைகள் போன பிறகு மணலைக் காலால் நிரவிக்கொண்டே, "அம்மா, நீ செத்துடுவியா?" என்று கேட்டாய். என்னைச் சுற்றியிருந்த பெரியவர்களில் ஒருத்தருக்கும் இல்லாத தைரியம் உனக்கு இருந்தது. "தெரியாதுடா, டாக்டர்ட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்டேன், அவர் சொன்னதை ஒன்றும் குறைக்காமல், கூட்டாமல் உன்னிடம் சொன்னேன். அன்றைக்கு நீ அழுதாய், அப்புறம் போய்ப் படித்தாய், பாஸ் பண்ணினாய். உண்மை தெரிந்ததால் உனக்கு எது உடைந்து போனது? சொல். பதினேழு வயதில் உனக்கு நான் கொடுத்த மரியாதையை அறுபது தாண்டிய எனக்கு நீ கொடுக்கவில்லை. அதுதான் என் கோபம், வேறொன்றும் இல்லை.

அன்று ராத்திரியே உனக்குப் போன் போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறேன் என்றதும், "வேணாம்மா, அது தெரிஞ்சு என்ன ஆகப் போவுது?" என்றாய். என்ன ஆகப் போகிறதா? கேன்சர் என்றால் ஒரு வைத்தியம், தேய்ந்த எலும்பு என்றால் வேறு வைத்தியம், கிருமி என்றால் இன்னொரு வைத்தியம். எக்ஸ்ரேயில் மூன்றும் நசுங்கின எலும்பாகத்தான் தெரியுமாம். எதுவென்று தெரியாமல் என்னைக் கட்டிலில் போட்டு எண்ணெய் பூசுவது அன்பில்லை தம்பி, சோம்பேறித்தனம். "எடுக்கிறேன். உன் அனுமதி கேக்கல, தகவல் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

தஞ்சாவூருக்குக் காரில் போனோம். பின்சீட்டில் என்னைப் படுக்க வைத்தார்கள். கும்பகோணம் தாண்டும் வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரைத் திட்டினேன், தாண்டின பிறகு திட்டவும் தெம்பில்லை. உன் பெரியத்தை காவலுக்குக் கூட வந்தார். ஸ்கேன் அறை வாசலில் ஒரு பையன், "அம்மா, உடம்புல இரும்பு, பிளேட்டு, ஸ்க்ரூ ஏதாச்சும் வச்சிருக்காங்களா?" என்று கேட்டான். "பி.டி. டீச்சருப்பா, முழுசுமே இரும்புதான்" என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப செயின், தோடு, தாலி எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துடுங்க" என்றான். உன் பெரியத்தைக்கு வந்ததே கோபம். "தாலியவா? நல்ல காரியம் வச்சிருக்கற நேரத்துல தாலிய கழட்டறதா? வாணாம், வாங்க போவலாம்!" நான் கழற்றி உன் அப்பா கழுத்தில் போட்டேன். "நான் வர்ற வரைக்கும் நீங்க போட்டுக்கிட்டு இருங்க, கட்டுனது நீங்கதானே" என்றேன். அந்த மனுஷன் சிலுவைத் தாலியைச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது எனக்கு.

மிஷினுக்குள் ஒரே சத்தம், கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் பக்கத்தில் படுத்த மாதிரி. அசையக் கூடாது என்றார்கள். ஜெபமாலையை வெளியே வாங்கி வைத்துக்கொண்டதால் விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். எனக்குச் சுகம் கொடு என்று கேட்கவில்லை. இருக்கிறதை இருக்கிறபடி காட்டு என்றுதான் கேட்டேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்தப் பயம் என்னுடையது. ஒரு மாதமாக நீங்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டிருந்ததை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

படம் பார்த்து எழுதுகிற டாக்டரம்மா முதலில் என்னை உள்ளே விடவில்லை. ரிப்போர்ட் உங்க டாக்டருக்குப் போகும், அவர் சொல்வார் என்றார். "என் முதுகு நான் பாத்ததே இல்லம்மா. எனக்குப் பின்னாடி இருக்குன்னு எல்லாரும் எனக்குப் பின்னாடியே பேசிட்டாங்க. ஒரு தடவ காட்டுங்க" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். திரையில் என் முதுகெலும்பு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி நின்றது. நடுவில் ஒன்று மட்டும் மேல்பக்கம் அமுங்கியிருந்தது.

"இதுல வெள்ளையா தெரியறது எலும்புக்குள்ள இருக்கற கொழுப்பும்மா" என்றார். "உங்க வயசுக்கு இப்படித்தான் இருக்கணும். கேன்சர் உள்ள பூந்தா முதல்ல இந்தக் கொழுப்பத் தள்ளிட்டு அது உக்காந்துக்கும். எலும்பு பூரா கருப்பாயிடும். உங்களுக்குப் பாருங்க, மேல்தகடு ஓரமா மட்டும் ஒரு கருப்புப் பட்டை. அது ஒடைஞ்ச காயம். கீழ்பாதி அப்படியே வெள்ளையா இருக்கு." இன்னொரு படத்தைத் தட்டினார். "இதுல தண்ணி வெள்ளையா தெரியும். ஒடைஞ்ச எடத்துல மெல்லிசா ஒரு வெள்ளக் கோடு தெரியுதா? நசுங்குன எலும்புல நீர் கோத்திருக்கு. இந்தக் கோடு தெரிஞ்சா பெரும்பாலும் அது தேஞ்ச எலும்புதான்."

நான் விடுவேனா? "பெரும்பாலும்னா?" என்றேன்.

"அதுக்குத்தான் இன்னும் பாக்கறது" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கட்டி உள்ளேயிருந்து தள்ளினால் எலும்பின் பின்பக்கச் சுவர் வயிறு மாதிரி உருண்டு புடைத்துக்கொண்டு நிற்குமாம். எனக்கு ஒரு மூலை மட்டும் கூராகப் பின்னால் நகர்ந்திருந்தது, உடைந்த துண்டு அப்படித்தான் நகரும். எலும்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காம்பு மாதிரி ஒன்று போகிறது. கேன்சர் வந்தால் அங்கேயும் பரவப் பார்க்குமாம். என் காம்பு இரண்டும் சுத்தம். சுற்றிலும் கட்டி இல்லை. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கிற வட்டு கெடவில்லை, அதனால் டி.பி. மாதிரிக் கிருமியும் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு எலும்பைக் காட்டி, "இது எப்பம்மா ஒடைஞ்சுது? பழசு, ஆறிப் போயிருக்கு" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். எப்போதோ உடைந்து, எனக்கே சொல்லாமல் ஆறியும் இருக்கிறது. சத்தியமாக எனக்குப் பெருமையாக இருந்தது.

"நூத்துக்கு நூறுன்னு நான் எழுத மாட்டேன்" என்றார் அந்த அம்மா. "பார்த்த வரைக்கும் கேன்சர் இல்ல. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ எடுங்க. ஒடைஞ்ச எலும்புன்னா அந்தக் கருப்பு ஆறி வெள்ளையாகும். மத்ததுன்னா ஆறாது." அப்புறம் மார்புக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் படத்தையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். கேன்சர் திரும்பி வராமலிருக்க வருஷக்கணக்காக நான் விழுங்கின ஹார்மோன் மாத்திரைதான் எலும்பைத் தேய்த்துவிட்டதாம். என்னைக் காப்பாற்றினதுக்கு அது வாங்கிக்கொண்ட கூலி. போகட்டும், கொடுத்தேன். இப்போது முதுகுக்கு பெல்ட், எலும்புக்கு ஊசி, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, கொஞ்சம் நடை, குனிந்து எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் கேனை உன் அப்பா தூக்குகிறார், முனகிக்கொண்டே. வலி பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது.

உன்னிடம் சொன்னபோது நீ அழுதாய். அந்த அழுகை உண்மை, எனக்குத் தெரியும். உன்னைப் பெற்றதற்காகச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அழுது முடித்த பிறகு, "சரிம்மா... அப்ப கல்யாணம்..." என்றாய். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டாம் ஓலை வாசித்தார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் ஜெனிட்டா பள்ளிக்கூடம் விட்டு நேராக ஸ்கூட்டியில் வந்தாள். தனியாக. உன் அப்பா காபி போடப் போனார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அத்தை, ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். கேளும்மா என்றேன். "உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு மாமா போன் பண்ணாங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனா அவரு எங்கிட்ட இதுவரைக்கும் பேசுனதெல்லாம் உங்க வியாதியப் பத்தித்தான். எனக்கு என்ன புடிக்கும்னு ஒரு தடவகூட கேட்டதில்ல. இப்ப வியாதி இல்ல. இனிமே எங்கிட்ட என்ன பேசுவாருன்னு தெரியல அத்தை." குரல் உடையவில்லை அவளுக்கு. "இந்தக் கல்யாணம் அவருக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

எனக்கு வேணும், அவனைப் பத்தித் தெரியாது என்று சொன்னேன். அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "எனக்கும் அவரப் புடிச்சிருக்கு அத்தை. அதனாலதான் கேக்கறேன். புடிக்கலன்னா பேசாம இருந்திருப்பேன்" என்றாள். இந்த ஊரில் என்னிடம் நேருக்கு நேர் இப்படிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதனால்தான் நேற்று பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, ஆட்டோ வைத்து, பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டது. "டீச்சர், அன்னிக்கு நடந்ததுக்கு நான்..." என்று ஆரம்பித்தார். "எண்ணெய் வீணாகல சாமி, நல்லா வேலை செஞ்சிருக்கு. இப்ப நான் வந்தது வேற. ஓலைக்குத் தடை சொல்ல வந்திருக்கேன்" என்றேன். மாப்பிள்ளைக்கு அம்மாவே வந்து தடை சொல்வதை அவர் எந்தக் குருமடத்திலும் படித்திருக்க மாட்டார். "என்ன தடைங்க?" என்றார். "மாப்பிள்ளை என் சாவுக்குப் பயந்து சம்மதிச்சான். சாவு தள்ளிப் போயிட்டு. சம்மதம் இருக்கா, அதுவும் போயிட்டான்னு தெரியல." அவர் சிரிக்கவில்லை. "சட்டப்படி அது தடைன்னு நான் எழுத முடியாது டீச்சர். ஆனா பயத்துல சொல்ற சம்மதத்த வச்சுக்கிட்டு நான் எப்படி மந்திரிப்பேன்? சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. சாகிறவளுக்குக் கொடுத்த வாக்கு என்று இதைக் காப்பாற்ற நினைக்காதே, சாகிறவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நாள் குறித்தாயிற்று, ஊர் என்ன சொல்லும் என்றும் நினைக்காதே. ஊர் எனக்கு எண்ணெய் பூசிவிட்டது, அதன் கணக்கு அவ்வளவுதான். நீ வேண்டாம் என்று சொன்னால் எனக்கு வலிக்கும், மறைக்க மாட்டேன். இந்தக் கல்யாணத்தை நான் உயிராக விரும்புகிறேன். ஆனால் என் ஆசையைக் காட்டி உன்னை மடக்க மாட்டேன், என் சாவைக் காட்டியும் மடக்க மாட்டேன். வேண்டும் என்று சொன்னால், ஆறு மாதத்தில் போய்விடுவாள் என்று நீ கணக்குப் போட்ட மாமியார் இன்னும் வெகுகாலம் அந்த வீட்டில் இருப்பாள் என்பதையும் ஜெனிட்டாவுக்குச் சொல்லிவிடு. மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுப்பேன். அதில் வேறு ஏதாவது தெரிந்தாலும் முதலில் எனக்குத் தெரியும், அப்புறம் உனக்கு நான் சொல்வேன். வரிசை அதுதான். இனிமேல் அதை யாரும் மாற்றக் கூடாது.

எனக்குப் பதில் எழுதாதே. போனும் பண்ணாதே, எடுக்க மாட்டேன். ஜெனிட்டாவுக்குப் போன் போடு. என் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேள். உன் மனதில் இருப்பதை அவளிடம் சொல், அது எதுவாக இருந்தாலும். அதன் பிறகு சாமியாரிடம் சொல்.

ஞாயிறு இரண்டாம் பூசைக்கு நம் கோயிலுக்கு வருகிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நீ என்ன சொன்னாலும் வருவாளாம். நானும் போவேன், பெண்கள் பக்கம் முன்பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்காருவேன். ஓலை வாசித்தால் சந்தோஷம். வாசிக்காவிட்டால் கோயிலே திரும்பி அவளைப் பார்க்கும், அப்போது அவள் தனியாக இருக்கக் கூடாது. பேச்சு வருவது வரட்டும், முதலில் என் மேல் விழட்டும். என் முதுகு தாங்கும். படம் எடுத்துப் பார்த்தாயிற்று.

இப்படிக்கு,
இருக்கப் போகிற உன் அம்மா